நீர்மப் படிகம்

நீர்மம்போல் ஓடும் இயல்பும், படிகத்தில் உள்ளதுபோல் மூலக்கூறுகள் ஒரு திசை நோக்கி நிற்கும் ஒழுங்கும் ஒருங்கே அமைந்த பொருள்நிலையே நீர்மப் படிகம்.

1888இல் பிராகு நகரில் தாவரவியலாளர் ரைனிட்சர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலின் சேர்மம் ஒன்றைச் சூடாக்கினார். அது 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கலான நீர்மமாகி, 178.5 பாகையில்தான் தெளிந்தது. அவர் அனுப்பிய மாதிரியை நுண்ணோக்கியில் ஆராய்ந்த இயற்பியலாளர் ஓட்டோ லேமன், அக்கலங்கல் படிகங்களைப் போல ஒளியை இரட்டையாக விலக்குவதைக் கண்டு, 1889இல் 'ஓடும் படிகம்' எனப் பொருள்படும் ஜெர்மன் பெயரை வழங்கினார். கிரேக்கத்தில் பனிக்கட்டியைக் குறித்த சொல்லிலிருந்து ஐரோப்பியர் படிகத்துக்குப் பெயர் பெற்றனர். நம் படிகமோ 'ஸ்படிகம்' என்னும் வடசொல்லோடு உறவுடையது. தமிழில் திரவப் படிகம் என்பதும் வழங்குகிறது. எனினும் திண்மம், நீர்மம், வளிமம் என்னும் வரிசையோடு இயைவதால் நீர்மப் படிகம் என்பதே ஏற்றது.

காட்சித் திரைகளில் பெரிதும் பயன்படுவது நெமாட்டிக் வகை. நுண்ணோக்கியில் இழைபோன்ற கோடுகள் தெரிந்ததால், நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1922இல் பிரெஞ்சுப் படிகவியலாளர் பிரீடெல் இப்பெயரை அமைத்தார். 'இழைநிலை' என்பது இதற்குப் பொருத்தமான தமிழாகும்.

இழைநிலை மூலக்கூறுகள் எத்திசையில் படுக்க வேண்டும் என்பதைக் கண்ணாடியின் உட்பரப்பே தீர்மானிக்கிறது. வழக்கமான முறையில், மின்னைக் கடத்தும் இண்டியம் வெள்ளீய ஆக்சைடு பூச்சின்மேல் பாலிஇமைடு என்னும் நெகிழிப் படலம் இட்டு, அதைத் துணியால் ஒரே திசையில் தேய்ப்பார்கள். தேய்ப்பதால் தூசியும் நிலைமின்னும் உண்டாவது இம்முறையின் குறை. கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்களைக் கொண்ட கார்பன் நானோகுழாய்ப் படலம் இங்கேதான் உதவுகிறது. தகட்டின்மீது செங்குத்தாக அடர்ந்து வளர்ந்த குழாய்களை, கூட்டிலிருந்து பட்டிழை எடுப்பதுபோல் தொடர்ச்சியாக இழுக்கலாம் என்று பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் காட்டினர். அவ்வாறு இழுத்த படலத்தில் குழாய்கள் இழுத்த திசையிலேயே படிந்திருப்பதால், தேய்க்காமலே மூலக்கூறுகள் அவற்றின் நீளவாக்கில் அமைகின்றன. மின்னைக் கடத்துவதால் அப்படலமே மின்முனையாகவும் அமைகிறது. இரு கண்ணாடிகளிலும் படலங்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தால் மூலக்கூறுகளின் அடுக்கு 90 பாகை முறுக்கிக்கொண்டு, ஒளியின் அதிர்வுத் திசையையும் உடன் திருப்புகிறது. சில வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழ்கிறது. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடக்கவிடும் முனைவாக்கிகள் இரண்டைக் குறுக்காக வைத்து, அவற்றுக்கிடையே இக்கண்ணாடிக் கலம் இருக்குமானால், முறுக்கிய நிலையில் ஒளி கடக்கும், அவிழ்ந்த நிலையில் மறையும்.

குழாய்களுக்கு இணையாக அதிரும் ஒளியைப் படலம் கூடுதலாக உறிஞ்சுவதால், முனைவாக்கியின் வேலையில் ஒரு பங்கையும் அது செய்யக்கூடும். ஆனால் மின்தடையைக் குறைக்கப் படலத்தைத் தடிப்பாக்கினால் கடந்து செல்லும் ஒளி குறைகிறது.