இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டு வாங்காதீர்கள்

போன கோடையில் உசிலம்பட்டிப் பக்கத்து அண்ணன் ஒருவர், தன் காருக்குப் போடுவதற்காகப் பழைய இண்டிகா டீசல் இன்ஜின் ஒன்றை வாங்கி, குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்து நம்ம மெக்கானிக் ஷெட் வாசலில் இறக்கினார். விலை 22,000 ரூபாய். வாங்குவதற்கு முன் என்ன பார்த்தீங்க என்று கேட்டேன். போனை எடுத்து ஒரு வாட்ஸ்அப் வீடியோவைக் காட்டினார். தரையில் வைத்து ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள், சத்தம் வருகிறது, அவ்வளவுதான். "சத்தம் நல்லாத்தானே இருக்கு தம்பி?"

இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தோம். நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒன்றாவது பிஸ்டனும் நாலாவது பிஸ்டனும் ஒன்றாக மேலே ஏறி ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இதில் நாலாவது மட்டும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தாழ்ந்து நின்றது, அதாவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்திருக்கிறது. காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் விரலை விட்டுத் தேய்த்தால் நைஸான களிமண். வெள்ளத்தில் நின்ற வண்டி. தண்ணீருக்குள் இருக்கும்போதே யாரோ செல்ஃப் அடித்திருக்கிறார்கள். காற்றை அமுக்குகிற மாதிரி தண்ணீரை அமுக்க முடியாதில்லையா, பிஸ்டன் மேலே வர வழியில்லாமல் ராடு வளைந்துவிட்டது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் எத்தனை கார் முங்கிக் கிடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். அப்படி முங்கின வண்டி உடைக்கப் போனால் அதன் இன்ஜினும் கழுவித் துடைத்து, மேலே சில்வர் பெயிண்ட் அடித்து விற்பனைக்கு வரத்தான் செய்யும். பெயிண்ட் பளபளவென்று இருந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும், எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் இன்ஜினையாவது நம்பலாம்.

முடிந்தவரை இன்ஜின் வண்டியில் இருக்கும்போதே பாருங்கள். கழற்றி வைத்ததுதான் கிடைக்கிறது என்றால், மெக்கானிக்கைக் கூட்டிப் போய் ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால் ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓடும்போது அதே மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா, அது பேக் கம்ப்ரஷன், அதாவது அமுக்கிய காற்று பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிறது, பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கும். சிலிண்டருக்குள் எவ்வளவு அமுக்கம் வருகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும், ஒன்று மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள். டீசலுக்கு டீசல் கேஜ்தான் வேண்டும், பெட்ரோல் கேஜ் பெரும்பாலும் 300 பிஎஸ்ஐ வரைதான், டீசல் அதைத் தாண்டிப் போகும். இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைத் திறக்க விடுகிறார் என்றால் அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷன்.

சரி, இன்ஜினை விட முக்கியமான விஷயம் இன்ஜின் நம்பர்.

அண்ணனுக்குக் கொடுத்த துண்டுச் சீட்டில் "இன்ஜின் ஒன்று" என்று மட்டும் இருந்தது, நம்பர் இல்லை. அதைக் கேட்டதற்கு விற்றவர், "கவலைய விடுங்கண்ணே, உங்க ஆர்.சி. புக்கில இருக்கிற நம்பரையே இதுல குத்தித் தந்துடுறோம்" என்றாராம். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டவுடனே அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். நம்பரை அரைத்து வேறு நம்பர் குத்துவது குற்றம், வண்டி பறிமுதலாகலாம், நீங்கள் ஸ்டேஷனுக்கு அலைவீர்கள், குத்திக் கொடுத்தவன் போனை எடுக்க மாட்டான். அது திருட்டு வண்டி இன்ஜினாக இருந்து, தெரிந்தே வாங்கினீர்கள் என்று வந்தால் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றச் சட்டம்) 317ஆவது பிரிவு பாயும். நம்பர் இருக்கும் இடத்தை துணியால் துடைத்து, டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். அரைத்த கோடு, ஒன்று மேலே ஒன்று கீழே நிற்கும் எழுத்து, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட், இதில் எது இருந்தாலும் வேண்டாம்.

பில்லில் இன்ஜின் நம்பர் எழுதி வாங்குங்கள், அது எந்த வண்டியில் இருந்து இறங்கியதோ அந்த ஆர்.சி. நகலையும் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்வது இதுதான்: முன்அனுமதி வாங்காமல் இன்ஜின் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவித்து, கட்டணம் கட்டி ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்ற வேண்டும். என்னைக் கேட்டால் மாற்றுவதற்கு முன்பே போய்க் கேட்டுவிடுவது நிம்மதி. லோன் இருந்தால் பைனான்ஸ்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இன்சூரன்ஸிலும் மாற்றுங்கள், இல்லையென்றால் கிளைம் போடும் நாளில்தான் வில்லங்கம் தெரியும். மதுரை வண்டி, டி.என். 58, 59, 64 எதுவானாலும் பதினைந்து வருஷம் ஆன சொந்தக் கார் ரென்யூவலுக்குப் போகும்போது இன்ஸ்பெக்டர் நேரில் பார்ப்பார், அப்போது "எனக்குத் தெரியாது சார்" என்பது எடுபடாது.

அண்ணனின் பழைய இன்ஜின் ஏன் போனது? ரேடியேட்டரைத் திறந்தேன், உள்ளே உப்பு பூத்துக் கிடந்தது. கூலன்ட் பக்கமே போகாமல் வருஷக்கணக்காகப் போர் தண்ணீர். நம்ம ஊர்ப் பக்கம் போர் தண்ணீர் பக்கெட்டிலேயே வெள்ளையாகப் படிகிறது, ரேடியேட்டர் குழாயை விடுமா? சூடு ஏறி, ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய், சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்ட பிறகும் செக்கானூரணியிலிருந்து மதுரை வரை ஓட்டியே வந்திருக்கிறார். அந்த ரேடியேட்டரை மாற்றாமல் எந்த இன்ஜினை வைத்தாலும் அடுத்த சித்திரைத் திருவிழாவுக்குள் இதே கதைதான்.

நல்லவேளை, பழைய இன்ஜினின் பிளாக், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் உடல் பாகம், உயிரோடு இருந்தது. லேத்துக்கு அனுப்பி, சிலிண்டரைக் குடைகிற போரிங், கிராங்க் ஷாஃப்டைத் தேய்த்துச் சரி செய்கிற கிரைண்டிங் இரண்டும் செய்து, வேறு ஹெட் போட்டுக் கட்டினோம். இன்ஜின் நம்பர் பிளாக்கில்தான் இருக்கிறது, பிளாக் மாறாததால் ஆர்.டி.ஓ. வேலையே வரவில்லை. செலவு கொஞ்சம் கூடத்தான், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். பழைய காருக்கு இன்ஜின் தேடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்க பிளாக் என்ன ஆச்சு என்றுதான்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் அதே மாடல், அதே வருஷப் பக்கம் தேடுங்கள். மாருதி 800 என்றாலே ஒரே இன்ஜின் என்று நினைக்காதீர்கள், கார்புரேட்டர் வண்டியும், பெட்ரோலை இன்ஜெக்டரால் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியும் வேறு, 796 சிசி என்ற எண் மட்டும்தான் பொது. ஸ்விஃப்ட் டீசல் மாதிரி வண்டி என்றால் சென்சார், இன்ஜெக்டர், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம். சமாச்சாரமும் கூட வரும்.

இன்ஜின் கீழே இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க் ஆயில் சீல்கள், கிளட்ச், தெர்மோஸ்டாட் எல்லாம் பார்த்துவிடுங்கள். இண்டிகாவில் பெல்ட் அறுந்தால் வால்வு வளையும், பிறகு திரும்ப ஹெட்டை இறக்கணும். பிளாக் பக்கவாட்டில் வட்டத் தகர மூடிகள் இருக்கும், அவற்றையும் சுரண்டிப் பாருங்கள், துரு தின்றிருந்தால் மாற்ற அதுதான் நேரம். முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, வடித்த ஆயிலை ஒரு காந்தத்தால் கலக்கி, இரும்புத் தூள் ஒட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த 22,000 ரூபாய் இன்ஜினைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை, "ஸ்டார்ட் ஆச்சு, பார்த்துத்தானே எடுத்தீங்க" என்றுவிட்டார். கடைசியில் எடைக்குப் போட்டார் அண்ணன்.