பாட்டு போட்ட வேலி

புரட்டாசி பிறந்ததும் எங்கள் தெரு வேப்பமரத்தில் ஒரு குரல் கேட்கத் தொடங்கும். ‘ச்சிவீ’ என்று கூர்மையாக ஒரே ஒரு தடவை. அண்ணாந்து பார்த்தால் இலைகள் மட்டும்தான் தெரியும். கழுத்து வலித்த பிறகுதான், இலையோடு இலையாகப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும் வெளிர்பச்சைக் குருவி கண்ணில் படும். பத்து கிராம்கூட எடை இருக்காது. பெயர் இலைக் கதிர்க்குருவி. சித்திரை வரை இங்கே இருந்துவிட்டு, குஞ்சு பொரிக்க வடக்கே போய்விடும்.

பார்வைக்கு இத்தனை சாதுவான குருவி, பரிணாம ஆய்வாளர்களை மண்டை காயவைத்த ஒன்று. காரணம், அது வாழும் நிலத்தின் வடிவம்.

திபெத் பீடபூமியில் பெரும்பகுதி மரமில்லாத பொட்டல். மரத்தை நம்பி வாழும் இந்தக் குருவி அதை வளையமாகச் சுற்றியுள்ள காடுகளில்தான் இனப்பெருக்கம் செய்கிறது. இமயமலையில் தொடங்கி, ஒரு கை காஷ்மீர், தியான்ஷான் மலைகள் வழியாக மேற்குச் சைபீரியாவுக்குப் போகிறது. இன்னொரு கை சீனா வழியாகக் கிழக்குச் சைபீரியாவுக்கு. இடையில் வடசீனாவில் மட்டும் ஓர் இடைவெளி. இரண்டு கைகளும் மத்திய சைபீரியாவில் மறுபடி சந்திக்கின்றன.

சந்தித்தும் ஒட்டவில்லை. மேற்குக் குருவியும் கிழக்குக் குருவியும் ஒரே காட்டில் இருந்தாலும் ஏறக்குறைய இணை சேர்வதே இல்லை, வேறு வேறு இனங்களைப் போல. ஆனால் தெற்குப் பக்கமாக வளையத்தைச் சுற்றி வந்தால், பக்கத்துப் பக்கத்துக் கூட்டங்களுக்குள் வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறுகிறது. இனம் எங்கே பிரிந்தது என்று கோடு கிழிக்க இடமில்லை. இந்த வளையத்தை 1938-லேயே டைஸ்ஹர்ஸ்ட் என்ற பறவையியலாளர் ஊகித்திருந்தார். பிறகு டேரன் இர்வின் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் காடு காடாகப் போய்ப் பாட்டைப் பதிவு செய்து, மரபணுவோடு ஒப்பிட்டு, 2001-இல் ஆய்வை வெளியிட்டார்கள்.

பிரித்தது எது? பெரும் பங்கு பாட்டுக்கு. பாடும் பறவைகள் பொதுவாக மூத்தவற்றைக் கேட்டுத்தான் பாடப் பழகுகின்றன. பழகும்போது சிறு பிசகுகள் சேரும். எந்தப் பிசகு நிலைக்கும் என்பதில் பெட்டையின் ரசனைக்கும் பங்குண்டு. இமயத்தில் பாட்டு குட்டையானது, எளிமையானது. வடக்கே போகப் போக இரண்டு கைகளிலும் அது நீண்டு சிக்கலாகிறது, ஆனால் சிக்கலாகும் விதம் வேறு. நாகர்கோவிலில் கிளம்பி ஊர் ஊராகச் சென்னைக்கு வந்தால் தமிழ் மாறுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். என்ன, நாகர்கோவில்காரர் பேசினால் சென்னைக்காரருக்குப் புரிந்துவிடும். சைபீரியாவில் கிழக்குப் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டால் மேற்கு ஆண் சட்டை செய்வதில்லை. தன் வகைப் பாட்டு கேட்டால் சண்டைக்கு வந்துவிடும்.

கதை இவ்வளவு சுத்தமானதும் அல்ல. 2014-இல் மரபணுத் தொகுதியை அலசியபோது, வளையம் பழங்காலத்தில் சில இடங்களில் அறுபட்டிருந்தது தெரிந்தது. சைபீரியாவில் அபூர்வமாகக் கலப்பும் நடந்திருக்கிறது. எனக்கு இது குறையாகப் படவில்லை. இனம் உருவாவது ஒரே நாளில் முடிகிற காரியமா?

குளிர்காலத்தில் கிழக்குக் கூட்டம் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போகிறது. நம் ஊருக்கு வருவது மேற்குக் கூட்டம். இறக்கையில் வெளிறிய கோடு ஒன்றுதான் இருக்கும். கிழக்குக் குருவிக்கு இரண்டு. ஆனால் பங்குனி வாக்கில் இறகு தேய்ந்து அந்த ஒற்றைக் கோடும் மங்கிவிடும். அப்புறம் பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டுக் காதைத்தான் நம்ப வேண்டும்.