பரிசுப் பட்டியலை முதல் சுற்றுக்கு முன்பே முடித்துவிடுங்கள்

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒருநாள் சதுரங்கப் போட்டிகளில் நடுவராக இருந்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: பலகையில் எழும் தகராறுகளுக்கு விதிப்புத்தகத்தில் விடை உண்டு, மாலையில் மேடையருகே எழும் தகராறுகளுக்குப் போட்டி அறிவிப்பில்தான் விடை இருந்திருக்க வேண்டும், பெரும்பாலும் அது அங்கே இருப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஏழு சுற்றுப் போட்டியில், ஒரு சிறுமி ஐந்து புள்ளிகள் எடுத்தாள். பொதுப்பிரிவில் அவளுக்குப் பதினெட்டாம் இடம், அதற்கு ஐந்நூறு ரூபாய். ஒன்பது வயதுக்கு உட்பட்ட சிறுமியர் பிரிவில் முதலிடம், அதற்கு ஒரு சைக்கிள். ஒருவருக்கு ஒரு பரிசுதான் என்று அறிவிப்பில் அச்சிட்டிருந்தார்கள். எந்தப் பரிசு என்று அச்சிடவில்லை. பொதுப்பிரிவே பெரியது என்று அமைப்பாளர் கவரை நீட்ட, சைக்கிள் அடுத்த இடத்திலிருந்த சிறுமிக்குப் போனது. இவள் கவரை வாங்காமல், சைக்கிள் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு அப்பாவிடம் போய் நின்றாள். அதன்பின் ஒன்றரை மணி நேரம் மேடையில் வேறு எதுவும் நடக்கவில்லை.

ஆகவே, ஒருவர் இரண்டு பரிசுகளுக்குத் தகுதி பெற்றால் மதிப்பில் உயர்ந்தது அவருக்கு என்றும், பொருளாகத் தரும் பரிசின் ரூபாய் மதிப்பு இவ்வளவு என்றும், மதிப்பு சமமானால் எந்தப் பிரிவுக்கு முன்னுரிமை என்றும் அறிவிப்பிலேயே எழுதிவிட வேண்டும். ஒரு பிரிவில் மூன்றே பேர் வந்திருந்தால் மூன்று கோப்பைகளையும் கொடுப்பீர்களா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

வயதை எழுதுவதைவிடப் பிறந்த தேதியை எழுதுவது நல்லது. வயதுப் பிரிவுகள் ஜனவரி 1-ஐ வைத்தே கணக்கிடப்படுவதால், 2025-இல் ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் என்றால் 2016 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள். இதைத் தேதியாக அச்சிட்டால், போன மாதம்தான் ஒன்பது முடிந்தது என்று வரும் பெற்றோருக்குப் பதில் சொல்லும் வேலை மிச்சம். ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்ணான ரேட்டிங்கை வைத்துப் பிரிக்கும் பிரிவிலும் பழைய அறிவிப்பை அப்படியே நகலெடுக்காதீர்கள். 2024 மார்ச் முதல், உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே தரும் ரேட்டிங்கின் கீழ் எல்லை 1400 ஆகிவிட்டதால், "1200-க்குக் கீழ்" என்ற பிரிவில் ரேட்டிங் உள்ள ஒருவரும் இருக்க முடியாது.

சமப்புள்ளி பெற்றவர்களைப் புக்ஹோல்ஸ் முறையில், அதாவது அவர்கள் சந்தித்த எதிராளிகளின் புள்ளிகளைக் கூட்டி, வரிசைப்படுத்துவது வழக்கம். தன் பிள்ளையிடம் தோற்ற பையன் கடைசிச் சுற்றில் யாரிடமோ தோற்றதால் தன் பிள்ளையின் இடம் இறங்கியது என்பதை ஒரு தாய்க்கு விளக்குவது எளிதன்று; ஆனால் எந்தெந்தக் கணக்கு எந்த வரிசையில் பார்க்கப்படும் என்று காலையிலேயே சுவரில் ஒட்டியிருந்தால், முடிவைப் பார்த்து முறையை மாற்றினார்கள் என்ற பேச்சாவது எழாது.

பதிவின்போதே ஒவ்வொருவரின் பிரிவையும் மென்பொருளில் ஏற்றிவிட்டால், கடைசிச் சுற்று முடிந்த சில நிமிடங்களில் பரிசு பெறுவோர் பட்டியல் தயாராகிவிடும். அதைத் தற்காலிகப் பட்டியல் என்று தலைப்பிட்டு ஒட்டி, ஆட்சேபங்களுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். சிறப்பு விருந்தினர் பேசுவதற்கு அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது.