முகட்டைப் பிளந்தால் மழை வராதா?

வட அமெரிக்காவில் ஷிங்கிள் கூரை (பலகை மேல் தார்த் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஆணியடித்த கூரை) வீடு வைத்திருக்கும் வாசகர் ஒருவருக்குக் கூரைக்காரர் மேல் சந்தேகம். "கூரைக்கு அடியில் தேங்கும் சூடான காற்று வெளியேற, முகடு நெடுக வெட்டி ரிட்ஜ் வென்ட் (முகட்டுக் காற்றுவழி) போடணும் என்கிறார். ஒழுகாத கூரையை எதற்கு வெட்டுவது, மழை வராதா? மேலே வெட்டுவது போதாதென்று இறவாரத்துக்கு அடியிலும் ஓட்டை வேண்டும் என்கிறார். காசு பிடுங்கத்தானே?" என்று கேட்டிருக்கிறார்.

முதல் கேள்வி சுலபம். முகட்டின் இருபுறமும் முக்கால் அங்குலம், சில கூரைகளில் ஒரு அங்குலம், நூலடித்துக் கோடு போட்டு வெட்டுவார்கள். ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் கனத்துக்கு மட்டும் வைக்க வேண்டும். கைமரத்தில் பல் படக் கூடாது. முகட்டின் இரு முனைகளிலும் அரை அடி முதல் ஒரு அடி வரை வெட்டாமல் விட்டுவிடுவார்கள். பிளவின் மேல் பிளாஸ்டிக் வென்ட்டை வைத்து ஆணி அடித்து, அதற்கு மேல் முகட்டு ஷிங்கிளைப் போர்த்தினால் வேலை முடிந்தது. வென்ட்டின் கனமும் சேர்வதால் இங்கே வழக்கத்தைவிட நீளமான ஆணி வேண்டும். வானத்தைப் பார்த்த ஓட்டை எதுவும் இல்லை. காற்று பக்கவாட்டில்தான் வெளியேறுகிறது. நல்ல வென்ட்டில் அந்தப் பக்கவாட்டு வாய்க்கு முன்னால் ஒரு தடுப்பு விளிம்பு இருக்கும். அதன் வேலையைப் பிறகு சொல்கிறேன்.

இறவாரத்தில் எதற்கு ஓட்டை என்ற இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது.

சூடான காற்று மேலே போகும் என்று பள்ளியில் படித்தோம். அது தானாகப் போவதில்லை, கனமான குளிர்ந்த காற்று கீழே புகுந்து அதைத் தள்ளுகிறது. எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது? வெளியே 35 டிகிரி செல்சியஸ், அட்டிக்கில் (கூரைக்கும் அறையின் உட்கூரைக்கும் நடுவே உள்ள காலி இடத்தில்) 55 என்று வைத்துக்கொள்வோம். வெளியே ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1,146 கிராம், உள்ளே 1,076. வித்தியாசம் 70 கிராம். இறவாரத்திலிருந்து முகடு 2 மீட்டர் உயரம் என்றால் சதுர மீட்டருக்கு 140 கிராம். அச்சுப்பொறியில் போடும் சாதாரணத் தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம். ஆக, இந்த முழு ஏற்பாட்டையும் ஓட்டுகிற எஞ்சினின் பலம் இரண்டு தாளின் கனம்கூட இல்லை! இவ்வளவு மெலிந்த விசையை வைத்துக்கொண்டு வேலை வாங்க வேண்டும் என்பதால்தான் ஓட்டைகளை எங்கே, எவ்வளவு வைக்கிறோம் என்பது முக்கியமாகிறது.

இந்த 140 கிராம் மேலும் கீழுமாகப் பங்கு பிரிகிறது. அட்டிக்கின் அடிப்பகுதியில் அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் குறைவு, அதனால் காற்று உள்ளே வரும். முகட்டில் கொஞ்சம் அதிகம், அதனால் வெளியே போகும். நடுவில் எங்கோ ஒரு மட்டத்தில் உள்ளும் புறமும் சரிசமம். அந்த மட்டத்தில் சுவரில் ஓட்டை போட்டால் காற்று எந்தப் பக்கமும் போகாது. சமநிலை மட்டம் என்று சொல்லலாம். இதன் குணம் வேடிக்கையானது: பெரிய ஓட்டையை நோக்கி நகரும். கீழும் மேலும் சம அளவு என்றால் மட்டம் நட்டநடுவில் நிற்கும். அட்டிக் தரையில் உறிஞ்சல் 70 கிராம். கீழ் ஓட்டை மேலே உள்ளதில் பாதிதான் என்றால் மட்டம் உயரத்தில் ஐந்தில் நாலு பங்குக்கு ஏறிவிடும். தரையில் உறிஞ்சல் 112 கிராம். கீழே இரண்டு மடங்கு திறந்துவிட்டால் 28 கிராமாக இறங்கிவிடும்.

தரையில் உறிஞ்சினால் என்ன? அட்டிக்கின் தரைதான் உங்கள் அறையின் உட்கூரை. அதில் விளக்குக்கு, வயருக்கு, குழாய்க்கு என்று எத்தனையோ இடுக்குகள். இறவாரத்தில் வழி இல்லாமல் முகட்டை மட்டும் பிளந்தால், நீங்கள் காசு கொடுத்துக் குளிரூட்டிய காற்றை அட்டிக் அந்த இடுக்குகள் வழியாக இழுத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் இன்னும் மோசம்: இழுபடுவது அறையின் ஈரக்காற்று. அது சில்லிட்ட பலகையில் பட்டு நீர்த்துளியாகப் படியும், அப்புறம் பூஞ்சை. எனவே கூரைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை, சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

காற்று வீசினால் கதை மாறும். மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று நேராக மோதினாலே சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ அழுத்தம். வெப்பம் தரும் விசையைப் போல் பத்து மடங்கு. முன்பு சொன்ன தடுப்பு விளிம்பு அந்தக் காற்றை மேலே தூக்கிவிடுவதால் வென்ட்டின் வாயருகே அழுத்தம் குறைந்து, உள்காற்று இழுபடுகிறது. விளிம்பு இல்லாவிட்டால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும், சில சமயம் மழையையும் கூட்டிக்கொண்டு.

காற்று கிட்டே இருக்கும் வழியைத்தான் பிடிக்கும் என்பதால், கூரைச் சரிவுகளின் முனையில் நிற்கும் முக்கோணச் சுவரில் இருக்கும் பழைய காற்றுத் துளைகளை அடைத்துவிட வேண்டும். முகடு அவற்றிலிருந்து காற்றை இழுத்துக்கொண்டால் இறவாரத்துப் பக்கம் அசைவே இருக்காது. ரிட்ஜ் வென்ட், மின்விசிறி, சுழலும் தொப்பி எல்லாவற்றையும் ஒரே கூரையில் மாட்டி "எதுவும் வீணில்லை" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கையில் நாலு தாயத்து கட்டுவதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அளவு? அமெரிக்க விதிப்படி அட்டிக் தரைப் பரப்பில் 150-ல் ஒரு பங்கு திறப்பு. மேலும் கீழும் ஏறக்குறைய சமமாகப் பிரித்து, வேறு சில நிபந்தனைகளும் பொருந்தினால் 300-ல் ஒரு பங்கு போதும். 1,200 சதுர அடிக்கு 4 சதுர அடி, அதாவது 576 சதுர அங்குலம். அதில் பாதி, 288, முகட்டில். அடிக்கு 18 சதுர அங்குலம் தரும் வென்ட் என்றால் 16 அடி நீளம். இந்த 300 என்ற எண் 1942-ல் அமெரிக்கக் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தின் விதிகளில் வந்தது. அதற்குப் பின்னால் இருந்த அளவீடுகள் மிகக் கொஞ்சம். கோடிக்கணக்கான கூரைகள் இன்னும் அதைப் பார்த்துத்தான் வெட்டப்படுகின்றன. விண்வெளிக்குக் கிடைக்கும் ஆய்வுப் பணத்தில் ஒரு துளியாவது நம் தலைக்கு மேல் பத்தடியில் இருக்கும் காற்றுக்கும் கிடைக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கம்.

ஷிங்கிள் வெயிலில் சூடாவதை வென்ட் பெரிதாகக் குறைக்காது. அதில் ஷிங்கிளின் நிறத்துக்குத்தான் பங்கு அதிகம். உட்கூரை இடுக்குகளை அடைப்பது முகட்டை வெட்டுவதற்கு முந்தைய வேலை. அதோடு, ஒரு பகலில் அட்டிக்கில் ஏறி விளக்கை அணைத்துவிட்டு இறவாரப் பக்கம் பாருங்கள். கைமரங்களுக்கு இடையே கீற்றுக் கீற்றாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் துளையே இல்லை, அல்லது வெப்பத்தைத் தடுக்க விரித்த இன்சுலேஷன் பஞ்சு அதை மூடியிருக்கிறது. பஞ்சை விலக்கி, மறுபடி சரியாதபடி தடுப்புத் தகடு வைத்த பிறகு ரம்பத்தை எடுக்கச் சொல்லுங்கள்.