செத்த பிறகும் உலோகம் பிடிக்கும் பூஞ்சை

சாக்கடைக் கழிவை நுண்ணுயிர்கள் தின்று சிதைத்துவிடும். நீரில் கலந்த ஈயத்தைச் சிதைக்க முடியாது. அது தனிமம், எதற்குள் போனாலும் ஈயமாகவே இருக்கும். எதிலாவது ஒட்டவைத்து வெளியே எடுப்பதுதான் வழி. சுண்ணாம்பு சேர்த்து வண்டலாகப் படியவைக்கலாம். ஆனால் கடைசியில் மிஞ்சும் கொஞ்சத்தை அகற்ற அந்த முறை திணறும். குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் என்பதால், அந்தக் கொஞ்சத்தையும் விட்டுவைக்க முடியாது.

இந்த இடத்தில் உதவுவது பூஞ்சை, அதுவும் செத்த பூஞ்சை. வேலையைச் செய்வது அதன் உயிரல்ல, செல்சுவர். கைட்டின், குளுக்கான் என்னும் சர்க்கரைச் சங்கிலிகளும் புரதங்களும் பின்னிக்கிடக்கும் வலை அது. வலையெங்கும் கார்பாக்சில், பாஸ்பேட், அமீன் என்னும் சிறு அணுத் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கும். முதல் இரண்டும் ஹைட்ரஜன் அயனியை உதறிவிட்டு எதிர்மின்சுமை பெறும். நேர்மின்சுமை கொண்ட உலோக அயனி அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். அமீனில் உள்ள நைட்ரஜனோ தன் இணை எலக்ட்ரான்களைக் கொடுத்து உலோகத்தைப் பற்றும். உயிர் தேவையில்லாததால் தீனி போட வேண்டாம், நஞ்சேறிச் சாகுமோ என்ற கவலையும் இல்லை.

1981இல் செசோஸ், வோலெஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் ரைசோபஸ் அரைசஸ் பூஞ்சையின் ஒரு கிராம் உலர்தூள் 180 மில்லிகிராமுக்கு மேல் யுரேனியத்தைப் பிடிப்பதைக் காட்டினார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று: சிட்ரிக் அமிலம் தயாரிக்கும் ஆலைகளில் அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சை கழிவாகவே மிஞ்சுகிறது. மூலப்பொருளை வளர்க்கக்கூட வேண்டியதில்லை.

நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) சரியாக இருக்க வேண்டும். ஈயம், காட்மியம், தாமிரத்துக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வரை. அதற்குக் கீழே போனால் ஹைட்ரஜன் அயனிகள் முந்திக்கொண்டு இடம் பிடித்துவிடும். ஆறு இணைதிறன் குரோமியம் மட்டும் நேர்மாறு. அது நீரில் எதிர்மின் அயனியாக இருப்பதால், ஹைட்ரஜன் அயனிகள் ஏறிச் செல்சுவர் நேர்மின்சுமை பெறும் அமிலம் மிகுந்த நீரில்தான் நன்றாக ஒட்டும்.

வெறும் தூளைக் குழாயில் நிரப்பினால் அடைத்துக்கொள்ளும். அதனால் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கூழில் கலந்து சிறு மணிகளாக்குவார்கள். அந்த மணிகளைக் குழாயில் நிரப்பி, மேலே நீல நிறத் தாமிரக் கரைசலை ஊற்றினால் நீலம் வெளுத்துக் கீழே நிறமற்ற நீர் சொட்டும். இடமெல்லாம் நிரம்பியதும் சொட்டு மறுபடி நீலமாகத் தொடங்கும். அப்போது நீர்த்த அமிலத்தைக் கொஞ்சமாக விட்டுக் கழுவினால், பிடிபட்ட தாமிரம் கழன்று அடர்த்தியான கரைசலாக வெளியே வரும். மணிகளை அலசி மறுபடி பயன்படுத்தலாம்.