கருமையைத் தேய்த்து எடுக்க முடியாது

போன வருடம் ஆனி மாதம் ஒரு பெண் வந்தார். ஆவணியில் கல்யாணம். தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போய் வருபவர். முகம் முழுக்கச் சிவந்து, கன்னத்தில் மெல்லிய ரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரிந்தன. வியர்த்தால் எரிகிறது, பச்சைத் தண்ணீர் பட்டாலும் எரிகிறது என்றார். "எனக்கு சென்சிட்டிவ் ஸ்கின் டாக்டர், எதுவுமே ஒத்துக்க மாட்டேங்குது."

"சின்ன வயசுலேயிருந்தே இப்படியாம்மா?"

"இல்ல டாக்டர், மூணு மாசமாத்தான்."

தூத்துக்குடியில் தோல் மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்த 'மூணு மாசமாத்தான்' மிகவும் பழகிப்போன பதில். பிறவியிலேயே மென்மையான தோல் உள்ளவர்கள் இருக்கிறார்கள். கரப்பான் உள்ள குழந்தைகள், முகம் அடிக்கடி சிவக்கும் ரொசேஷியா என்ற நோய் உள்ளவர்கள் அப்படித்தான். ஆனால் என்னிடம் 'சென்சிட்டிவ் ஸ்கின்' என்று வருபவர்களில் பலருக்கு, வெயில் கருமையைப் போக்கப் போய்த்தான் தோல் அப்படி ஆகியிருக்கிறது.

அந்தப் பெண் முதலில் எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கலந்து தேய்த்திருக்கிறார். பிறகு பார்லரில் டீ-டான், பிளீச். கடைசியில் யாரோ சொன்னதைக் கேட்டு மருந்துக்கடையில் ஒரு க்ரீம். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனதாம். இரண்டு மாதம் பூசி, நிறுத்தப் பார்த்ததும் இந்த நிலை.

கருமை என்பது அழுக்கு இல்லை. வெயில் பட்டதும் தோல் மெலனின் என்ற நிறமியைக் கூடுதலாகச் செய்து, ஒவ்வொரு செல்லின் உட்கருவுக்கு மேலும் குடை மாதிரி கவிழ்த்து வைக்கிறது. வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள அது செய்யும் ஏற்பாடு அது. அந்தச் செல்கள் மேலே வந்து உதிரச் சுமார் நான்கு வாரம் ஆகும். புதிதாக வெயில் படாமல் இருந்தால் கருமை தானாகவே சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் குறையும். நம் மாநிறத் தோலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதைப் புண்படுத்தினால், ஆறும்போது அந்த இடத்தில் கருமையை விட்டுவிட்டுத்தான் ஆறும். ஆகவே கருமை போகட்டும் என்று தேய்க்கத் தேய்க்க, கருமை கூடத்தான் செய்யும்.

நம் தோலின் அமிலத்தன்மை பி.ஹெச் கணக்கில் 5-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி. எண் குறையக் குறைய அமிலம் கூடுதல். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் சாறு வழிந்த தடத்திலேயே தீப்பட்டது போலக் கொப்பளித்துக் கறுத்துப்போவதும் உண்டு. பிளீச் பெரும்பாலும் முகத்தின் பூனை முடியைத்தான் வெளுக்கிறது. அதனால்தான் முகம் உடனே வெளிறித் தெரிகிறது. அடியில் உள்ள நிறமி அங்கேயேதான் இருக்கிறது.

அந்த க்ரீம்தான் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது. அதில் இருப்பது பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டு. சில தோல் நோய்களுக்கு, சில நாட்களுக்கு, சரியான இடத்தில் பூசினால் அருமையான மருந்து. வெளுப்பதற்காக முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும், பருக்கள் கிளம்பும், பெண்களுக்கு மீசை தாடி போல முடி வளரும், நிறுத்தினால் முகம் தீயாய் எரியும். எரிச்சல் தாங்காமல் திரும்ப அதையே பூசுவார்கள். 2018-இல் மத்திய அரசு இந்த வகைக் க்ரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இன்னமும் கேட்டால் கிடைக்கிறது. மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருந்தால் டப்பாவோடு ஒரு தோல் டாக்டரிடம் போங்கள். திடீரென்று நீங்களாக நிறுத்த வேண்டாம். விவரமே அச்சிடாத சிவப்பழகு க்ரீம்களில் பாதரசம் இருக்கும் ஆபத்தும் உண்டு. 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தேன்? மொட்டை மாடியில் தட்டோடு பதித்து இடுக்கில் காரை பூசுகிறோம் அல்லவா, தோலின் மேலடுக்கும் அப்படித்தான். செல்கள் ஓடு என்றால், இடையில் உள்ள கொழுப்பு காரை. காரை போய்விட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும், வெளியே இருப்பதெல்லாம் உள்ளே இறங்கும். அதுதான் எரிச்சல். ஆகவே ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து, அலமாரியில் இருந்த மற்ற எல்லாவற்றையும் ஓரம் கட்டச் சொன்னேன். சோப்பு வேண்டாம், மணமில்லாத மென்மையான கிளென்சர் போதும். முகம் ஈரமாக இருக்கும்போதே, அந்தக் காரையில் உள்ள செராமைடு என்ற கொழுப்பு சேர்த்த மாய்ஸ்சரைசர். பகலில் ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன், அது பெரும்பாலும் எரியாது. இந்த மூன்றும்தான். கல்யாணத்தன்று சிவப்பு முழுக்கப் போகவில்லை, எரிச்சல் போயிருந்தது. முழுதாகத் தேறத் தை மாதம் ஆனது.

தோல் எளிதில் எரிபவர்கள் எந்தப் புதுப் பொருளையும் நேராக முகத்தில் பூச வேண்டாம். முழங்கை மடிப்பில் ஒரு வாரம், தினம் இரண்டு வேளை தடவிப் பார்த்துவிட்டு அப்புறம் முகத்துக்குக் கொண்டு போங்கள்.

அடுத்து வெயில். அக்னி நட்சத்திரம் முடிந்ததும் பலர் துப்பட்டாவையும் குடையையும் உள்ளே வைத்துவிடுகிறார்கள். சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. எங்கள் ஊரில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டு தடவை: ஏப்ரல் நடுவில் சித்திரை பிறக்கும்போது ஒன்று, ஆகஸ்ட் கடைசியில், ஆவணியில் இன்னொன்று. கடல் காற்று குளுகுளுவென்று வீசினாலும் கதிர் குறைவதில்லை. உங்கள் நிழல் உங்களை விடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் முகத்தை மறைக்க வேண்டிய நேரம். உப்பளத்தில் வேலை செய்யும் அக்காமார் தலையிலிருந்து கன்னம் வரை துணி சுற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வெயில் மேலிருந்து மட்டுமா வருகிறது, வெள்ளை உப்பில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கிறது. அந்தத் துணி எந்தக் க்ரீமுக்கும் குறைந்ததில்லை.

சுருக்கத்துக்கும் வயதை விட வெயிலே பெரிய காரணம். புற ஊதாக் கதிரில் 'ஏ', 'பி' என்று இரண்டு வகை நம்மை வந்து சேர்கிறது. 'ஏ' வகைக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வந்து, தோலின் ஆழத்தில் இருக்கும் கொலாஜன் என்ற நாரை அறுக்கும். அமெரிக்காவில் 28 வருடம் லாரி ஓட்டிய ஒருவரின் படம் 2012-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது: ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலது பக்கம்; பல வருடம் பஸ் ஓட்டிய அண்ணன்மார் வந்தால் நான் முதலில் வலது கன்னத்தைத்தான் பார்ப்பேன்.

சன்ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப் 30 போதும். அது 'பி' வகைக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. 'ஏ' வகைக்கு பி.ஏ.+++ இருக்கிறதா பாருங்கள். பட்டாணி அளவு போதாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். கன்னத்தில் மங்கு உள்ளவர்கள் நிறம் கலந்த சன்ஸ்கிரீனாகக் கேளுங்கள். அதில் உள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். சுருக்கத்துக்கு ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகைப் பூச்சு நல்லதுதான். வாரம் இரண்டு இரவு, மிகக் குறைவாகத் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

கடைசியாக, வெயில் கருமை என்று நினைத்துத் தேய்க்கப்படும் இன்னொன்று: பின்கழுத்தில் வெல்வெட் மாதிரித் தடித்த கருப்பு. அது வெயிலால் வந்ததல்ல. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக வருவதுதான் அதிகம். பிள்ளைகளுக்கு அப்படி இருந்தால் பீர்க்கங்கூடால் தேய்த்துக் குளிப்பாட்டாதீர்கள், எடையையும் சர்க்கரையையும் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் பட்டதும் மூக்கின் இரு பக்கமும் கன்னம் சிவந்து, கூடவே மூட்டு வலி, வாய்ப்புண், முடி கொட்டுதல் இருந்தால் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். லூபஸ் என்ற நோய் அப்படித் தொடங்குவதுண்டு.