பள்ளத்தை முறைத்தால் பள்ளத்துக்குள்தான் போவோம்

“எட்டு போடும்போது கீழே பார்க்காதே என்று டிரைவிங் ஸ்கூல்காரர் கத்துகிறார். கோட்டைப் பார்க்காமல் கோட்டுக்குள் எப்படி ஓட்டுவது?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

பைக் எப்படித் திரும்புகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடக்கிற வேகத்தில் ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் போகும். வேகம் கூடினால் கதையே வேறு. இடப்பக்கம் போக, இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் ஒதுங்கும், வண்டி இடப்பக்கம் சாயும், அப்புறம்தான் திரும்பும். விமானம் செய்த ரைட் சகோதரர்களில் வில்பர் இதைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் விசாரித்துப் பார்த்தார். செய்கிற ஒருவருக்கும் தான் அப்படிச் செய்வது தெரியவில்லை!

நமக்கே தெரியாமல் கை வேலை செய்கிறதென்றால், அதற்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நம் விழித்திரையில் எதையும் துல்லியமாகப் பார்க்கிற பகுதி மிகச் சிறியது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவுதான். அதனால் வேண்டிய இடத்துக்கு விழியைத் திருப்பிக்கொண்டே இருக்கிறோம். விழி போதாவிட்டால் தலையும் திரும்பும். விழி எவ்வளவு திரும்பியிருக்கிறது, கழுத்து எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற தகவல் மூளைக்கு ஓயாமல் போகிறது. இரண்டையும் கூட்டினால், பார்க்கிற புள்ளி உடம்பு நோக்கும் திசையிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பது கிடைத்துவிடும். அந்தக் கோணம் குறையும்படி கைகள் வண்டியைத் திருப்பும். தூரத்தை அளக்க வேண்டாம், சூத்திரம் வேண்டாம், கோணம் ஒன்று போதும்.

1994-இல் மைக்கேல் லேண்ட், டேவிட் லீ என்ற இரு ஆய்வாளர்கள், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஆர்தர்ஸ் சீட் குன்றைச் சுற்றும் வளைவுச் சாலையில் கார் ஓட்டியவர்களின் விழி அசைவைப் பதிவு செய்தார்கள். வளைவு வர ஒன்றிரண்டு விநாடி இருக்கும்போதே பார்வை அதன் உள்விளிம்புக்குப் போய்விட்டது. 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி என்றால் 33 மீட்டர். அவர்கள் பார்த்தது விளிம்பையா, போகப்போகும் பாதையையா என்று பின்னால் வந்தவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கண் முன்னே போகிறது, கை பின்னே வருகிறது என்பதில் சண்டை இல்லை.

சிக்கல் எங்கே என்றால், இந்த ஏற்பாட்டுக்கு ‘இங்கே போ’ என்பது மட்டும்தான் புரியும்; ‘அங்கே போகாதே’ என்று சொல்ல வழியில்லை. பள்ளத்தைக் கண்டு பயந்து அதையே முறைத்தால், பள்ளத்தின் கோணம்தான் குறையும். சிமுலேட்டரில் ஓரத்தைப் பார்த்தபடி ஓட்டச் சொன்னால் கார் அந்தப் பக்கமே நகர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயம் வந்தால் பார்வை அப்படியே ஒட்டிக்கொள்ளும், அது இன்னும் மோசம். பள்ளத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் உள்ள நல்ல சாலைக்குக் கண்ணை மாற்றிவிடுங்கள். பள்ளம் ஓரப்பார்வையில் தெரிந்தால் போதும்.

எட்டிலும் இதே சங்கதிதான். சக்கரத்துக்கு அடியில் உள்ள கோட்டைப் பார்க்கும்போது அதைக் கடந்தாகிவிட்டது. திருத்த நேரமில்லை, கால் ஊன்றிவிடும். தாடையைத் தூக்கி, தலையை நன்றாகத் திருப்பி, அடுத்த வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள்.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 44.5 சதவீதம் இரு சக்கர வாகனங்களில் போனவர்கள். நம் ஊர்ப்பக்கம் வளைவில் தனியாக நிற்கும் புளியமரம் ‘காவு வாங்குகிறது’ என்பார்கள். வெட்டவெளியில் அது ஒன்றுதான் கண்ணில் படுகிறது. தடுமாறுகிறவன் பார்வை அதில்தான் போய் நிற்கும் என்று நான் சந்தேகிக்கிறேன். எலுமிச்சம்பழத்தை வெட்டிப் பிழிவதை விட, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு விழி அசைவுக் கருவியை மாட்டிப் பார்க்க ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுக்கலாம். எடின்பரோவில் எதிரே மாடு வராது.